ஊதிக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட் வாங்க வேண்டும்: ஆட்டோவா, இழுகயிறா?

பத்துமாவுங்_புதுசு எழுதியது:

வணக்கம். பினாங்கு பாயான் லெப்பாசில் ஃபேக்டரி ஷிப்ட் வேலை, ஓய்வு கிடைக்கிற ஞாயிறு எல்லாம் கடல்தான். மூன்று வருடம் தெக்கோங்கிடம் (படகு ஓட்டிக் கூட்டிப்போகிறவர்) காசு கொடுத்துப் போனது போதும் என்று நாங்கள் மூன்று பேர் பணம் போட்டு ஒரு பழைய 18 அடி ஃபைபர் படகை வாங்கிவிட்டோம். எஞ்சினைப் பற்றிக் கேட்டு ஏற்கனவே இங்கே எல்லோர் உயிரையும் வாங்கியாகிவிட்டது, இது வேறு விஷயம்.

போன மாதம் பூலாவ் கெண்டித் தீவுப் பக்கம் காலை ஆறு மணிக்கு நங்கூரம் போட்டு உட்கார்ந்திருந்தோம். மேற்கே வானம் கறுத்தது. சுமத்ரா காற்று என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், ஆனால் தெக்கோங் இல்லாமல் அதன் எதிரே உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மழையும் காற்றும் ஒன்றாக வந்து இறங்கின. நங்கூரக் கயிற்றை இழுக்க எழுந்த நண்பன் தடுமாறிப் பாதி உடம்பு படகுக்கு வெளியே தொங்கிவிட்டான், சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டோம். எங்கள் ஆரஞ்சு ஜாக்கெட் நான்கும் அப்போது எங்கே இருந்தன தெரியுமா? முன்பக்கப் பெட்டிக்குள், ஐஸ் பெட்டிக்கும் உம்பான் (தூண்டில் இரை) வாளிக்கும் அடியில்.

வீட்டில் சொல்லக் கூடாது என்று மூன்று பேரும் பேசி வைத்திருந்தோம். நண்பனின் மனைவி வழியாக என் மனைவிக்குப் போய்விட்டது. ஜாக்கெட் போட்டால் கடல், போடாவிட்டால் வீடு, அவ்வளவுதான் பேச்சு.

ஆரஞ்சு ஃபோம் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பகல் பன்னிரண்டு மணிக்கு ஜிகிங் (உலோக இரையை மேலும் கீழும் இழுத்து ஆட்டி மீன் பிடிப்பது) செய்ய முடியாது, முயற்சி செய்து பார்த்துவிட்டேன், வெந்துபோகிறது. அதனால் கழுத்தைச் சுற்றிப் பட்டையாகக் கிடந்து தண்ணீரில் விழுந்தால் ஊதிக்கொள்ளும் வகை வாங்கலாம் என்று பார்க்கிறேன். ஆன்லைனில் பார்த்தால் விலை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. ஒரே மாதிரிப் படம், ஒன்று இன்னொன்றைப்போல் நான்கு மடங்கு. ஒருவருக்கு 300 வெள்ளி (ரிங்கிட்) வரை போடத் தயார். தானாக ஊதுவதா, கயிறை இழுத்தால் ஊதுவதா? இடுப்பு பெல்ட் வகை பரவாயில்லையா? உப்புத் தண்ணீரில் பட்ட பிறகு எப்படிப் பராமரிப்பது? எனக்கு நீச்சல் சுமார். ஒன்பது வயது மகனும் 68 வயது அப்பாவும் எப்போதாவது கூட வருவார்கள், அப்பாவுக்கு நீச்சலே தெரியாது.

கெண்டி_கிழவன் எழுதியது:

தம்பி, முதலில் உன் நண்பனின் சட்டைக்கு நன்றி சொல். நல்ல தையல்.

நான் இரண்டு வகையும் போட்டுப் பார்த்தவன். முதலில் வாங்கியது ஆட்டோ, உள்ளே மாத்திரை மாதிரி ஒன்று இருக்கும், தண்ணீர் பட்டால் கரையும், கரைந்ததும் உள்ளே ஸ்பிரிங் விடுபட்டு ஊசி வாயுச் சிலிண்டரைக் குத்தும். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஒரு அக்டோபர் மாதம், பினாங்கில் அந்த மாதத்து மழையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, தெலுக் கும்பாருக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் கொட்டியது. கரைக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கும்போது படார் என்று ஒரு சத்தம். கழுத்தைச் சுற்றி மலைப்பாம்பு மாதிரி வீங்கிக்கொண்டு நான் படகை ஓட்டினேன். தோழர்கள் உதவி செய்யவில்லை, போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

அதற்காக இழுகயிறு வகைதான் நல்லது என்று சொல்ல மாட்டேன். தலையில் அடிபட்டு விழுந்தவன் எந்தக் கயிறை இழுப்பான்? படகு குலுங்கி எஞ்சின் மூடியில் தலை மோதிய பிறகு தண்ணீருக்குள் போனவர் ஒருவரை எனக்குத் தெரியும், நல்ல வேளையாக ஃபோம் போட்டிருந்தார், முகம் மேலே பார்த்தபடி மிதந்தார். ஆக, திறந்த படகில் தூண்டில் போடுகிறவனுக்கு ஆட்டோதான். ஆனால் உன் படகுக்கு மூடிய கேபின் இருந்தால் யோசி. கவிழ்ந்த படகின் கூரைக்கடியில் மாட்டிக்கொண்டு, ஜாக்கெட் உன்னை மேல் பக்கமாகவே தள்ளிக்கொண்டிருந்தால், குனிந்து வெளியே வர முடியாது. கேபின் படகில் போகிற நாளில் நான் இழுகயிறுதான் போடுவேன்.

அப்புறம் இன்னொன்று, இது எல்லாவற்றையும்விட முக்கியம். காலுக்கிடையே போகும் பட்டை இல்லாத ஜாக்கெட்டை வாங்காதே, அல்லது பட்டையைத் தனியாக வாங்கி மாட்டு. என் மருமகன் அதைக் கேவலமாக இருக்கிறது என்று கழற்றிவிட்டான். பூலாவ் ரிமாவ் பக்கம் வேண்டுமென்றே குதித்துச் சோதனை செய்யச் சொன்னேன். ஊதியதும் ஜாக்கெட் காது வரைக்கும் ஏறிவிட்டது, உள்ளே ஆள் தொங்குகிறான், வாய் தண்ணீர் மட்டத்தில். அன்று மாலையே பட்டை மாட்டினான்.

பிறை_பாயிங் எழுதியது:

இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு. எங்கள் தெக்கோங் நாற்பது வருடமாகக் கடலில் இருக்கிறார், ஒரு நாள் ஜாக்கெட் போட்டு நான் பார்த்ததில்லை. ஆரஞ்சு ஜாக்கெட் நான்கு வைத்தால் போதும், ஆளுக்கு 300 வெள்ளி போட்டால் அதில் ஒரு நல்ல ரீல் வரும்.

கெண்டி_கிழவன் எழுதியது:

நாற்பது வருடமாகக் கடலில் இருக்கிறவர் தண்ணீரில் விழாதவர் அல்ல தம்பி, விழுந்து ஏறியவர். ஏறாதவர்கள் கதை சொல்ல வரவில்லை. ரீல் வேண்டுமானால் ரீல் வாங்கு, யார் தடுத்தார்கள்.

ராஃப்ட்_பட்டறை எழுதியது:

பட்டர்வொர்த்தில் கப்பல்களின் உயிர்காப்பு ராஃப்ட்களையும் ஊதும் ஜாக்கெட்களையும் சர்வீஸ் செய்கிற பட்டறையில் வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கெண்டி அண்ணன் சொன்ன கரையும் மாத்திரை. கடைக்காரர்கள் பொபின் என்பார்கள், சில பிராண்டுகளில் அழுத்திய காகிதத் துண்டு இருக்கும், தத்துவம் ஒன்றுதான். பினாங்கு மாதிரி ஈரமான ஊரில் இவற்றின் ஆயுள் சீக்கிரம் குறையும். மேலே தயாரிப்புத் தேதி அச்சிட்டிருக்கும், மூன்று வருடத்துக்கு மேல் வைக்காதீர்கள், நன்றாக நனைந்து பிழிந்தெடுத்த மாதிரி ஒரு பயணம் போய்வந்தால் அதற்கு முன்பே மாற்றுங்கள். இன்னொரு வகை தண்ணீரின் அழுத்தத்தைப் பார்த்து வேலை செய்வது, ஹாமர் என்ற ஸ்வீடன் நிறுவனத்தின் வால்வு பிரபலம். ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தண்ணீருக்குள் போனால்தான் திறக்கும், மழைக்கும் அலைத் துளிக்கும் ஏமாறாது. வால்வின் முகத்தில் காலாவதி மாதம் போட்டிருப்பார்கள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றும் கிட் விலை அதிகம், சிலிண்டர் உள்பைக்குள் இருப்பதால் நீங்களே சோதிப்பதும் கொஞ்சம் சிரமம். முன்பக்கம் உட்கார்ந்து அலை வாங்கிக்கொண்டு வருகிறவருக்கு அது, பின்பக்கம் ஒதுங்கி உட்காருகிறவருக்குப் பொபின் போதும். என் கருத்து அவ்வளவே, பிராண்டுக்கு எனக்குக் கமிஷன் இல்லை.

மிதக்கும் சக்தியை நியூட்டனில் சொல்வார்கள். 50 என்று போட்டிருந்தால் அது மிதவை உதவிதான், நீந்தத் தெரிந்தவருக்கு, கரைக்கு அருகில், யாராவது பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு. 100 அமைதியான தண்ணீருக்கு. கடலுக்குப் போகிறவர் 150 பார்த்து வாங்குங்கள், மயங்கிய ஆளையும் புரட்டி முகத்தை மேலே வைக்க அந்த அளவுக்குத்தான் வடிவமைக்கிறார்கள். 275 என்பது கனமான உடுப்பும் கருவிகளும் கட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு. 150க்கு 33 கிராம் வாயு உள்ள சிலிண்டர் வரும். அந்த 33 கிராம் கரியமில வாயு வெளியே வந்தால் நம் ஊர் வெப்பத்தில் சுமார் 18 லிட்டர், அதாவது ஒரு பெரிய தண்ணீர்க் குடுவையளவு. இந்தக் கணக்கு தெரிந்தால் ஆன்லைனில் ஒரு சின்ன 16 கிராம் சிலிண்டரை வைத்து 150 என்று எழுதி விற்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம்.

விலை வித்தியாசம் ஏன் என்று கேட்டீர்கள். மலிவாக வருவதில் மூன்று சிக்கல் பார்த்திருக்கிறேன். உள்பையின் ஓரத் தையல், அதாவது ஒட்டு, ஒரு வருடத்தில் விடும். அச்சடித்த நியூட்டன் எண் இருக்கும், தரக் குறி இருக்காது. இரண்டாவதைப் பார்க்க வழி, ஜாக்கெட்டில் ஐ.எஸ்.ஓ 12402 என்ற எண்ணும் அதன் பகுதி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள், 150க்கு அது 12402-3. எண்ணை அச்சிடுவது எளிது என்பதும் உண்மைதான், அதனால் பெயர் தெரியாத கடையில் குறியை மட்டும் நம்பாதீர்கள். மூன்றாவது சிக்கல்தான் பெரியது: மறுபடி நிரப்பும் கிட், அதாவது புதுப் பொபினும் சிலிண்டரும், இங்கே கிடைக்காது. வாயுச் சிலிண்டரை விமானத் தபாலில் ஆபத்தான சரக்காகக் கணக்கில் எடுப்பதால் வெளிநாட்டு விற்பனையாளர் பலர் சிலிண்டர் இல்லாமலேயே ஜாக்கெட்டை அனுப்புவார்கள், பெட்டியைத் திறந்து பார்த்தால் இடம் காலியாக இருக்கும். ஆக வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று, அதே மாடலுக்குப் பொபினும் சிலிண்டரும் உங்களிடம் இன்றைக்கு இருக்கிறதா, என்ன விலை. தலையைச் சொறிந்தால் வேறு கடை.

பெல்ட் வகை: இடுப்பில் கட்டிக்கொள்ள இலகு, ஆனால் ஊதிய பிறகு நீங்களே அதைத் தலை வழியாக மாட்ட வேண்டும். நினைவோடு இருக்கிறவருக்கு மட்டும். உங்களுக்கு நீச்சல் சுமார் என்கிறீர்கள், வேண்டாம்.

பராமரிப்பைப் பற்றி. பட்டறைக்கு வரும் ஜாக்கெட்டுகளில் அதிகம் பார்க்கும் குறை எது என்று கேட்டால் ஓட்டை என்று நினைப்பீர்கள். இல்லை. சிலிண்டர் தளர்ந்திருக்கும். படகு ஆடுகிறது, எஞ்சின் அதிர்கிறது, மரை கால் சுற்று, அரை சுற்று என்று கழன்றுகொண்டே போகிறது, ஊதும் கருவியில் இருக்கும் பச்சைக் குறி பச்சையாகவே இருக்கிறது. பல மாடல்களில் அந்தப் பச்சை, ஊசி இன்னும் குத்தவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. சிலிண்டர் இறுக்கமாக இருக்கிறதா, உள்ளே வாயு இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. ஒரு தடவை வெடித்த ஓட்டைச் சிலிண்டரையே திரும்ப மாட்டி, குறியைப் பச்சைக்குத் தள்ளி வைத்துக்கொண்டு ஒரு வருடம் கடலுக்குப் போய்வந்த ஒருவர் பட்டறைக்கு வந்தார். சிலிண்டரின் நுனியில் பார்த்தால் ஓட்டை தெரியும், நல்லதில் அந்த மூடி முழுசாக மினுக்கும்.

ஆக ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் மேலுறையைத் திறந்து சிலிண்டரைக் கையால் இறுக்குங்கள். கையால் மட்டும், ஸ்பேனர் எடுக்காதீர்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி எடை போடுங்கள். அடுக்களைத் தராசு கிராம் கணக்கில் காட்டினால் போதும். சிலிண்டரின் மேல் குறைந்தபட்ச மொத்த எடை அச்சிட்டிருக்கும், அதற்குக் கீழே இருந்தால் தூக்கிப் போடுங்கள். துரு பிடித்திருந்தாலும் அதேதான், துரு உள்பையைக் கீறும்.

உப்பு: திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரால் வெளியே கழுவுங்கள், பட்டைகளை நன்றாக அலசுங்கள், குழாயைத் திறந்து நேராக அடிக்காதீர்கள். ஆட்டோவாக இருந்தால் முழுக்க நனைக்க வேண்டிய தேவை வந்தால் முதலில் சிலிண்டரையும் பொபினையும் கழற்றுங்கள். காய வைக்கும்போது நிழலில், தடித்த ஹாங்கரில். திரும்பப் பூட்டும்போது வரிசை முக்கியம், பொபின் முதலில், சிலிண்டர் பிறகு. மாற்றிச் செய்தால் வரவேற்பறையில் வெடிக்கும். என்னிடம் பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன் அதைச் செய்தான், அடுத்த இரண்டு மாதம் அவன் பெயரே பட்டாசு.

வருடத்துக்கு ஒருமுறை கசிவுச் சோதனை. ஊது குழாயில் வாயால் ஊதி முழுக்க இறுக்கமாக்கி ஒரு இரவு விடுங்கள், 24 மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. ஊதுவதற்கு முன் சிலிண்டரைக் கழற்றிவிடுங்கள், ஏற்கனவே ஊதிய பைக்குள் வாயுவும் சேர்ந்து போனால் பை தாங்காது. இன்னொரு விஷயம், எக்கோன் (ஏசி) அறையில் வைக்காதீர்கள். ராத்திரி குளிர்ந்தால் காற்று சுருங்கும், காலையில் தொய்ந்து கிடக்கும், ஓட்டை என்று நினைத்துப் பதறி வருகிறார்கள். பிறகு குழாயின் மூடியைத் தலைகீழாகச் செருகி வால்வை அழுத்தித் தட்டையாக உருட்டிக் காற்றை வெளியேற்றுங்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மடிப்பது தயாரிப்பாளர் தாளில் உள்ளபடியே. சொந்தமாக மடித்தால் இழுகயிற்றின் கைப்பிடி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும், அது எப்போதும் வெளியே தொங்க வேண்டும்.

மகன் விஷயம்: ஊதும் ஜாக்கெட் குழந்தைகளுக்கு வேண்டாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் அங்கீகாரம் 16 வயதுக்கு மேல்தான். அவனுக்கு எடைக்கு ஏற்ற, கழுத்துப் பட்டையும் காலிடைப் பட்டையும் உள்ள ஃபோம். அப்பாவுக்கும் ஃபோம் என்றுதான் சொல்வேன், அமெரிக்க விதி நீச்சல் தெரியாதவருக்கு ஊதும் வகையைப் பரிந்துரைப்பதில்லை.

கெண்டி_கிழவன் எழுதியது:

பட்டறைத் தம்பி எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன், அப்பா விஷயத்தைத் தவிர. அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதர் பத்து மணி நேரம் ஃபோமைப் போட்டுக்கொண்டு உட்கார மாட்டார். ஒரு மணி நேரத்தில் கழற்றிக் காலடியில் போட்டுக்கொள்வார், எனக்கு 71, நான் கழற்றியிருக்கிறேன். போடாத ஃபோமைவிட போட்ட ஆட்டோ மேல். ஐரோப்பாக்காரன் 150ஐ நீச்சல் தெரியாதவருக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறான், அதையும் சொல்லியிருக்கலாம்.

ராஃப்ட்_பட்டறை எழுதியது:

சரி அண்ணே, அது உண்மை. ஆனால் ஃபோமுக்குப் பெரிய பராமரிப்பு தேவையில்லை, ஊதும் வகை பராமரித்தால்தான் ஜாக்கெட், இல்லாவிட்டால் வெறும் பட்டை. மகன், அதாவது கேள்வி கேட்ட தம்பி, அதைப் பார்த்துக்கொள்வார் என்றால் அப்பாவுக்கு ஆட்டோ கொடுக்கலாம். அப்பாவே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் ஃபோம். இதில் நடுவில் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தெலுக்பாஹாங்_அக்கா எழுதியது:

பெண்கள் யாரும் எழுதவில்லையே என்று நானே வந்தேன். கணவரோடு முக்கா ஹெட் கலங்கரை விளக்குப் பக்கம் மாதம் இரண்டு தடவை போவோம், மீன் பிடிப்பது நான், வீடியோ எடுப்பது அவர்.

யாரும் சொல்லாத சில விஷயம். ஊதும் ஜாக்கெட் துணி மேலுறைதான், உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பூசிய நைலான் பை. மூன்று கொக்கி உள்ள ஜிக்கை நெஞ்சில் மாட்டிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் விட்டுவிடுங்கள். கெளுத்தி, திருக்கை வந்தால் படகில் துள்ளவிட்டு நெஞ்சோடு அணைத்துப் பிடிக்காதீர்கள், முள் மேலுறையைத் தாண்டிப் போகும், நமக்குத் தெரியவே தெரியாது. பாலத்துத் தூணில் கட்டி நிற்கும்போது அந்தச் சிப்பிகளில் உரசாதீர்கள். பெட்ரோல் ஊற்றும்போது ஜாக்கெட்டில் சிந்தாமல் பாருங்கள். என் பழையது ஒன்று போன வருடக் கசிவுச் சோதனையில் சீறியது, சோப்புத் தண்ணீர் தடவித் தேடினால் குண்டூசி அளவு ஓட்டை. எப்போது வந்தது? கடவுளுக்குத்தான் வெளிச்சம். நானே ஒட்டப் பார்க்கவில்லை, தூக்கிப் போட்டேன்.

மழைக்கோட்டைப் பற்றியும். ஜாக்கெட்டுக்கு மேலே மழைக்கோட்டைப் போடாதீர்கள், எப்போதும் கோட் உள்ளே, ஜாக்கெட் வெளியே. உள்ளே ஊதினால் கோட் கிழியும் அல்லது நெஞ்சு நெரியும். மழை தொடங்கியதும் பதற்றத்தில் எல்லோரும் செய்வது இதுதான்.

காடியின் (கார்) பின்பெட்டியில் விட்டுவிடாதீர்கள். வெயிலில் நிற்கும் காடிக்குள் சிலிண்டர் சூடாவதும் நல்லதல்ல, ஈரத்தோடு மூடி வைத்தால் பொபின் சத்தமில்லாமல் ஊறும். எங்கள் வீட்டில் துணி அலமாரிக்கு வெளியே, காற்றோட்டமாக ஆணியில் தொங்குகிறது. மாமியாருக்குப் பிடிக்கவில்லை, பரவாயில்லை.

விமானத்தில் கோத்தா கினபாலுவுக்குப் போனபோது கொண்டுபோனோம். ஒருவர் எத்தனை ஜாக்கெட், எத்தனை சின்னச் சிலிண்டர் கொண்டுபோகலாம் என்பதற்கு விமான விதியில் வரம்பு உண்டு, அதோடு விமான நிறுவனத்தின் அனுமதி முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். கவுண்டரில் போய் விளக்கம் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள்.

பிறை_பாயிங் எழுதியது:

அக்கா, இவ்வளவு பார்ப்பதற்குக் கடலுக்குப் போகாமலே இருக்கலாம் போலிருக்கிறது.

தெலுக்பாஹாங்_அக்கா எழுதியது:

மோட்டார் சைக்கிளுக்கு எஞ்சின் ஆயில் மாற்றுவதில்லையா தம்பி? அதே அளவு வேலைதான், வாரத்துக்கு ஐந்து நிமிடம்.

பத்துமாவுங்_புதுசு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வருகிறேன், சொல்ல நிறைய இருக்கிறது.

பட்டறை அண்ணன் சொன்ன கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கடை ஏறினேன். முதல் கடையில், கிட்டா? ஜாக்கெட் ஊதிவிட்டால் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் பாஸ் என்றார். இரண்டாவது கடையில் சிலிண்டர் இருக்கிறது, பொபின் இல்லை. மூன்றாவதில் இருந்தது, நான் எதிர்பார்த்ததைவிட விலை கொஞ்சம் கூட, ஆனால் 33 கிராம், 150 நியூட்டன், குறி எல்லாம் சரி. எனக்கும் நண்பர்கள் இருவருக்கும் மூன்று ஆட்டோ, காலிடைப் பட்டை தனியாக வாங்கி மாட்டினோம். அப்பாவுக்கும் ஆட்டோதான் எடுத்தேன், கெண்டி அண்ணன் சொன்னதே நடந்தது, கடையில் ஃபோமைப் போட்டுப் பார்த்துவிட்டு இது என்னடா பீப்பாய் என்று கழற்றிவிட்டார். அப்பாவின் ஜாக்கெட்டுக்கு நான் பொறுப்பு, போனில் மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டல் வைத்திருக்கிறேன். மகனுக்கு ஃபோம். அவனுக்குத்தான் கோபம், எல்லோருக்கும் படார் என்று வெடிக்கும், எனக்கு மட்டும் ஏன் இந்தத் தலையணை என்று.

வீட்டுக்கு வந்ததும் மனைவியின் தராசை எடுத்தேன், கேக் மாவு எடை போடுவது. நான்கு புதுச் சிலிண்டரில் மூன்று சரி. ஒன்று அச்சிட்ட எடையைவிட 4 கிராம் குறைவு. தராசில்தான் கோளாறு என்று நினைத்து மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், மற்ற மூன்றும் சரியாகவே காட்டின. புதுப் பெட்டி, சீல் உடைக்காதது! கடைக்குக் கொண்டுபோனேன், அவர் வாக்குவாதம் செய்யவில்லை, தானே கடைத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு மாற்றிக் கொடுத்தார். போட்டுப் பார்க்காவிட்டால் அதுதான் அப்பா மேல் தொங்கியிருக்கும்.

என் காண்டோவின் (அடுக்குமாடிக் குடியிருப்பு) நீச்சல் குளத்தில் காலை ஏழு மணிக்கு, ஆள் இல்லாத நேரம், ஒன்றை மட்டும் சோதித்தோம், கிட் கூடுதலாக ஒன்று வாங்கியிருந்ததால். காவலாளியிடம் முன்பே சொல்லிவிட்டேன், இருந்தும் சத்தம் கேட்டு ஓடி வந்தார். குதித்ததும் நான்கைந்து விநாடி எதுவும் நடக்கவில்லை, அந்த நான்கைந்து விநாடி எவ்வளவு நீளம் என்று குளத்திலேயே தெரிந்தது. பிறகு ஒரே தள்ளு. மல்லாந்து கிடந்தேன், கையைக் காலை அசைக்க வேண்டியதில்லை, ஆனால் குப்புறத் திரும்பி நீந்த முடியவில்லை, முதுகால்தான் நீந்த வேண்டும், படகு ஏணியில் ஏறுவது இன்னும் கஷ்டம், வயிற்றுக்கு முன்னால் அவ்வளவு பெரிய பை நிற்கிறது. ஊது குழாய் வழியாகக் கொஞ்சம் காற்றை விட்ட பிறகுதான் ஏற முடிந்தது. இதை யாரும் எழுதவில்லையே!

ஒரு கேள்வி மிச்சம். நண்பர் ஒருவர் தன்னுடையதைப் படகிலேயே முன்பெட்டியில் வைத்துவிட்டு வருகிறார், திரும்பத் திரும்பத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்கிறார். என்ன சொல்லி மாற்றுவது?

கெண்டி_கிழவன் எழுதியது:

ஒன்றும் சொல்லாதே. மழைக்காலம் வரட்டும்.

ராஃப்ட்_பட்டறை எழுதியது:

குளத்தில் ஏணி கஷ்டம் என்றது நல்ல கவனிப்பு, நான் எழுத மறந்துவிட்டேன். காற்றைக் கொஞ்சம் விடுவதும் படகைப் பிடித்துக்கொண்ட பிறகுதான், அதற்கு முன் வேண்டாம். இன்னொன்று, குளோரின் தண்ணீரில் நனைந்த ஜாக்கெட்டை நல்ல தண்ணீரில் அலசினீர்களா? பொபின், சிலிண்டர், அந்த வரிசையில்தானே மாட்டினீர்கள்?

பத்துமாவுங்_புதுசு எழுதியது:

அலசினேன். வரிசையும் சரி, மனைவி பக்கத்தில் நின்று உங்கள் பதிவைச் சத்தமாகப் படித்தார். நண்பர் விஷயம் நேற்றே முடிந்துவிட்டது. மீன் பெட்டி எடுக்க முன்பெட்டியைத் திறந்தால் மூடி தூக்க வரவில்லை, உள்ளே அவருடைய ஜாக்கெட் முழுசாக ஊதி நிறைந்து கிடக்கிறது. கிட் கடையில் ஒன்றுதான் மிச்சம் என்கிறார்கள், இந்த ஞாயிறு அவர் ஆரஞ்சு ஃபோமில் வருகிறார்.